தம்பி தந்த போத்தல்

கனடாவிலிருந்து வந்து நின்ற தம்பி, அம்மாவுக்கென்று இரண்டு போத்தல் குளிசை வைத்துவிட்டுப் போனான். அம்மாவுக்கு 78 வயது. கிளிநொச்சியில் அக்கராயன் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்தவ. 2008இல் போரால் இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து திரும்பி, வெறுங்காணியில் மறுபடி அடுப்பு மூட்டியவ. அவ இன்னும் கனகாலம் எங்களோடு இருக்கவேண்டும் என்பது தம்பிக்கும் எனக்கும் ஒரே ஆசைதான்.

இரண்டு மாதத்தில் கிளினிக்கில் பார்த்தபோது சீனி ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து குளிசைப் பையைக் கொட்டினேன். சீனிக்குப் போடும் மெற்போமின் அப்படியே மிச்சம்.

"ஏனம்மா போடேல்லை?"

"அந்தப் போத்தல் குளிசை உடம்பின்ரை கலத்தையே புதுசாக்குமாம் பிள்ளை. பிறகேன் இது?"

அன்றிரவு போத்தல்களைக் கையில் எடுத்தேன். ஒன்றில் என்.எம்.என். என்று இருந்தது. எங்கள் கலங்களுக்குள் என்.ஏ.டி. என்றொரு பொருள் உண்டு. 1906இல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் நொதிப்பதை ஆராயும்போது கண்டுபிடித்தது. சாப்பாட்டைச் சக்தியாக்கவும் பழுதான மரபணுவைத் திருத்தவும் கலத்துக்கு அது வேண்டும். வயது ஏற, பல இழையங்களில் அது குறைகிறது. என்.எம்.என். உடலுக்குள் போய் என்.ஏ.டி. ஆகிறது. இவ்வளவும் உண்மை.

எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. மனிதரில்? 2021இல் அமெரிக்காவில், சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 25 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்கு 10 கிழமை நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் என்.எம்.என்.; மற்றவர்களுக்கு வெறும் குளிசை. என்.எம்.என். எடுத்தவர்களின் தசை இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கியது. இரத்தச் சீனியோ பிரஷரோ இறங்கவில்லை. என்.எம்.என். ஆயுளைக் கூட்டும் என்று மனிதரில் இன்னும் நிறுவப்படவில்லை.

மற்றப் போத்தலில் பீற்றா கரோட்டின். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. கரட்டில் இருக்கும்போது நன்மை செய்யும் சத்து, குளிசையாகக் குவியும்போது அப்படியே நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படியான துணைக் குளிசைகளை விற்கமுன் அவை பலன் தரும் என்று அரசுக்கு நிரூபிக்கத் தேவையில்லை.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு போத்தலையும் கொண்டுபோனேன். டொக்ரர் வாசித்துவிட்டு அம்மாவிடம், "கால் விறைக்கிறதோ அம்மா?" என்று கேட்டார். ஒரு வருசமாக விறைக்கிறதாம். வயது போனால் அப்படித்தான் என்று நினைத்து எங்களுக்குச் சொல்லாமலே இருந்திருக்கிறா. மெற்போமினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். அதனால் கால் விறைக்கும், களைக்கும், மறதியும் வரும். கிளிநொச்சி ரவுணில் இரத்தம் குடுத்துப் பார்த்தோம். பி12 நன்றாகக் குறைந்திருந்தது. அம்மாவுக்கும் ஒரு துணைச்சத்து தேவைப்பட்டதுதான். அது அந்தப் போத்தல்களில் இருக்கவில்லை.

இப்போது பி12 எடுக்கிறா, மெற்போமினும் போடுகிறா. காலையில் குரக்கன், மத்தியானம் குளத்து மீனும் முருங்கையிலையும், பின்னேரம் ஒரு பிடி கச்சான். கச்சானிலும் மீனிலும் உள்ள நயாசினைக் கொண்டும் உடல் என்.ஏ.டி.யை உண்டாக்கிக்கொள்ளும். வெயில் தணிந்ததும் குளக்கட்டில் நடக்கிறோம். வயது போன தசையைக் காக்க நடையும் புரதமும் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அன்பை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் போத்தல் வாங்கமுன் ஒருக்கால் ஊருக்குப் போன் எடுங்கள். அம்மா அப்பா கிளினிக்கில் என்ன குளிசை எடுக்கிறார்கள், இரத்தத்தில் என்ன குறைவு என்று கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்களுக்கும் சிறுநீரக வருத்தக்காரருக்கும் டொக்ரரைக் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள். ஊரில் இருப்பவர்கள், வீட்டில் உள்ள எல்லாப் போத்தலையும் அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.