வால்பாறைக்கு மரம் நடப் போறீங்களா?

மழைக்காட்டுல தன்னார்வலரா போனா என்ன வேலை இருக்கும்னு இங்க காஞ்சிபுரத்துல சிலர் கேக்குறாங்க. மரம் நடறதுதான்னு ஒரு நினைப்பு. அது பாதிதான்.

வால்பாறையில் என்.சி.எஃப். அமைப்புக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய மழைக்காடுகளை 2000-களின் தொடக்கத்திலிருந்து மீட்டு வருகிறார்கள். சாலையோரம் விழும் காட்டுமர விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடியை அகற்றி, மழைக்காலத்தில் நடுகிறார்கள்.

அப்புறம்தான் மீதிப் பாதி: எந்தக் கன்று பிழைச்சது, எவ்வளவு வளர்ந்ததுன்னு வருஷக்கணக்கா அளக்கணும். நிழலில் வளரும் மரத்தை வெட்டவெளியில் நட்டால் பட்டுப்போகும். கணக்கு இல்லைன்னா அதே தப்பைத் திரும்பவும் நடுவோம். மரங்கள் மேலே கிளை கோத்தால்தான் சோலைமந்தி தரைக்கு வராமல் தாவிப் போக முடியும். கிளை அறுந்த இடத்தில் அது சாலையில் இறங்கி, வண்டியில் அடிபடுகிறது.

ஒரு வார விடுமுறையில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. பொறுமையா எண்ணுற பழக்கம்தான் முதல் தகுதி. அதுக்கு மலை ஏற வேண்டாம். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பக்கத்துலதான். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும். நம்ம ஏரியிலிருந்தே தொடங்குங்க.