வீட்டுத் துளைக்கிணறும் அடிநிலப் பாறையும்

மனையில் துளைக்கிணறு இறக்கிய பின்னரே வீட்டு வேலையைத் தொடங்குவது இப்பொழுது கிராமங்களிலும் வழக்கமாகிவிட்டது. முந்நூறு அடியில் ஜலம் அகப்படாவிடில் அறுநூறு அடியில் அகப்படும் என்னும் நம்பிக்கை குடியானவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. இந்நம்பிக்கை எல்லா நிலத்துக்கும் பொருந்துவதன்று. அடியிலுள்ள பாறை இன்னதென்று அறியாமல் துளைப்போர், வீடு கட்ட வைத்திருந்த பணத்தை மண்ணில் போடுகின்றனர்.

தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறையின்மேல் அமைந்தது. கடற்கரையோரமும் காவிரி டெல்டாவும் அவ்வாறல்ல. அங்கே மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மணலடுக்கு முழுவதும் ஜலம் ஊறி நிற்குமாதலால், ஓர் அடுக்கைக் கடந்து அடுத்ததைத் தேடுவதில் பொருளுண்டு.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களின் நிலைமை வேறு. மேல்மண்ணுக்குக் கீழே வெயிலாலும் மழையாலும் சிதைந்த பாறை சில பத்தடிகள் வரை இருக்கும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. சிதைந்த பாகம் பஞ்சுபோல் ஜலத்தை ஏற்று வைக்கிறது. கெட்டிப் பாறையிலோ பிளவுகளில் மட்டுமே ஜலம் தங்கும். ஆழம் செல்லச் செல்ல, மேற்பாறையின் பாரத்தால் பிளவுகள் இறுகிக் குறைகின்றன. பெரும்பாலானவை முதல் 300 அடிக்குள்ளேயே காணப்படும். அதற்குக் கீழும் நல்ல பிளவு அகப்படுவதுண்டு. ஆயினும் அது விலக்கேயன்றி விதியன்று.

ஆதலால் இடம் தேர்வதே முதற் காரியம். அண்டையிலுள்ள திறந்த கிணறுகளின் பக்கச் சுவரைப் பார்த்தால், சிதைந்த பாறை எத்தனை அடி உள்ளதென்பது விளங்கும். மெருகிடும் கருங்கல்லுக்காக இப்பகுதிகளில் வெட்டப்படும் டோலரைட் பாறை, நிலத்தினுள் சுவர்போல் நீண்டு சென்று ஊற்றோட்டத்தை மறிப்பதுண்டு. அவ்வாறாயின் சுவரின் மேட்டுப்புறத்தில் ஜலம் தேங்கும். தாழ்ந்த புறம் வறண்டிருக்கக் கூடும். உள்ளங்கையில் தேங்காய் வைத்து ஊற்றுப் பார்ப்பதைவிட, மின்தடைச் சோதனை செய்வித்துக்கொள்வது நலம்.

துளைக்கையில் வெளிவரும் கல்தூளைப் பத்தடிக்கு ஒரு முறை எடுத்து வரிசையாக வைத்தல் வேண்டும். இரும்பு அல்லது பி.வி.சி. உறைக்குழாயைக் கெட்டிப் பாறையில் ஊன்றும் வரை இறக்குதல் அவசியம்; இல்லையேல் சிதைந்த பாறை சரிவதோடு மேல்நிலத்து அசுத்த நீரும் உட்புகும். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். பிளவு மிகுந்த பாறையாயின் அதனினும் அதிகம் விடுவது தகும்.

ஜலம் கிடைத்ததோடு கவலை தீர்ந்ததாகாது. பாறையில் நெடுங்காலம் தங்கிய ஜலத்தில் புளோரைடு என்னும் உப்பு கரைந்து சேர்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இதனால் குழந்தைகளின் பற்கள் கறைபட்டன. பெரியோரின் எலும்புகள் வளைந்து கெட்டன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதற்கு இதுவே காரணம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம். வேறு ஜலம் இல்லாவிடத்தும் 1.5 மில்லிகிராமைக் கடக்கலாகாது. காய்ச்சுவதால் இது நீங்காது. ஆகவே புதுக் கிணற்று ஜலத்தைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைச் சாலையில் பரிசோதிப்பித்த பின்னரே பருகுதல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வறண்ட துளையை வாய் மூடாது விடுவது உயிர்க்கொலைக்கு ஒப்பாகும். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையொன்று அத்தகைய துளையில் வீழ்ந்து மாண்டது. பயனற்ற துளையை அடியிலிருந்து மேல்மட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புவித்தல் அவர்கள் கடமை. நிரப்பும் செலவு, வெறுந்துளை இறக்கிய செலவில் மிகச் சிறு பங்கே.