நைரோபி: குளிர்ந்த நீரின் நகரம்

நிலநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள நகரமாதலின் வெயில் வாட்டும் என்றெண்ணி நைரோபியில் இறங்கும் பயணியைக் குளிர்காற்றே வரவேற்கும். கென்யாவின் இத்தலைநகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். ‘குளிர்ந்த நீர்’ எனப் பொருள்படும் மாசாய் மொழித் தொடரிலிருந்து இதன் பெயர் பிறந்தது. 1899இல் இருப்புப்பாதை அமைப்போர் முகாமிட்ட சதுப்புநிலமே பின்னர் மாநகராய் வளர்ந்தது.

நகரையொட்டி, 1946இல் நிறுவப்பட்ட தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. அங்கு மேயும் ஒட்டகச்சிவிங்கிகளுக்குப் பின்னே உயர்ந்த கட்டடங்கள் தெரிவது புதுமையான காட்சியாகும்.

நகரின் நடுவே அமைந்தது உகுரு பூங்கா. ‘உகுரு’ என்பது விடுதலையைக் குறிக்கும் சுவாகிலிச் சொல். களைத்து வருவோர் இதன் மரநிழலில் இளைப்பாறுவர். அந்நிழல் எளிதில் நிலைத்ததன்று. 1989இல் இங்கு 60 மாடிக் கட்டடம் எழுப்பத் திட்டமிடப்பட்டது. பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாய் அதனை எதிர்த்துக் கடிதங்கள் எழுதினார். ஆட்சியாளர்கள் அவரை ஏளனம் செய்தனர். எனினும் அவர் பின்வாங்கவில்லை. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே. இவ்வரலாற்றை அறிந்து அப்பூங்காவில் நடப்பவருக்கு ‘உகுரு’ என்னும் பெயரின் முழுப்பொருளும் விளங்கும்.