மாட்டத் தெரிந்தால் போதுமா?



ஒர்க்‌ஷாப்பில் ரிவெட்டைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வோம்? தலையை டிரில் போட்டு எடுப்போம். மசியலேன்னா உளியும் சுத்தியலும் இருக்கவே இருக்கு. தகட்டில் கீறல் விழுந்தால் ஃபைல் போட்டுச் சமாளிப்போம். சரி, அந்தத் தகடு சில மில்லிமீட்டரே தடிமனுள்ள மனித இரைப்பைச் சுவராக இருந்தால்?

குடற்புண்ணில் ரத்தம் கசிந்தாலோ, ஓட்டை விழுந்தாலோ எண்டாஸ்கோப் மூலம் கிளிப் போட்டு மூடுகிறார்கள். சிறிய கிளிப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே உதிர்ந்து மலத்தோடு போய்விடும். ஜெர்மனியில் டியூபிங்கன் நகரத்து ஓவெஸ்கோ நிறுவனத்தின் பெரிய கிளிப் வேறு ரகம். எண்டாஸ்கோப்பின் முனையில் தொப்பி போல ஏறிப்போய், கரடிப்பொறி மாதிரி பற்களால் சதையைக் கவ்வும். இடம் தவறிக் கவ்வினாலோ, உணவுப் பாதை குறுகினாலோ, அதே இடத்தில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டாலோ கழற்றியே ஆகணும். வெறுமனே இழுத்தால் சதை கிழியும்!

மெக்கானிக்கல் மாணவனான என்னை இதில் இழுத்தது அந்த உலோகம்தான். பெயர் நிட்டினால், நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவை. உடல் சூட்டில் ஸ்பிரிங் போல விடாமல் அழுத்தும். நன்றாகக் குளிர்ந்தால் மெத்தென்று ஆகிவிடும். அதனால் ஐஸ் போலக் குளிர்ந்த உப்புநீரைப் பீய்ச்சி, பிடி தளர்ந்ததும் இடுக்கியால் எடுப்பது ஒரு வழி.

லேசராலும் ஆர்கான் பிளாஸ்மாவாலும் அறுத்திருக்கிறார்கள். ஆனால் சூடு பக்கத்துச் சதைக்கும் பரவும் அபாயம் உண்டு.

மூன்றாவது வழி நம்ம பாடப்புத்தகத்திலேயே இருக்கு. இரண்டு மின்முனைகள் கொண்ட இடுக்கியால் கிளிப்பின் மெல்லிய பகுதியைப் பிடித்து, கண நேரம் டி.சி. மின்சாரம் செலுத்துகிறார்கள். மின்சாரம் முனைக்கு முனை உலோகத்துக்குள்ளேயே பாய்வதால் ஜூல் வெப்பம் அங்கேயே பிறந்து, அந்த இடம் மட்டும் உருகி அறுகிறது. எதிர்ப்பக்கமும் இப்படியே. கிளிப் இரண்டு துண்டு! வேலை அத்தோடு முடியலை. வெட்டிய முனை கூர்மையாச்சே? உணவுக்குழாயைக் கீறாமலிருக்க, துண்டுகளை ஒரு தொப்பிக்குள் இழுத்துக்கொண்டு வெளியே எடுக்கிறார்கள்.

நண்பர்களே, கெட்டியாப் பிடிக்கணும்னு மட்டும் யோசித்து ஒரு பொருளைச் செய்தால், கழற்ற இன்னொரு கருவியே தேவைப்படுகிறது. நாளை நாம் எதை டிசைன் செய்தாலும், 'இதை எப்படிக் கழட்டுறது?' என்ற கேள்விக்கும் அதே டிராயிங்கில் பதில் இருக்கட்டும். அடியில் இருப்பது எப்போதும் இரும்புத் தகடாகவே இருக்காது!