நோய் தீர்ந்தும் தீராத வெசனம்

மனக்கவலையைக் கொங்கு நாட்டில் ‘வெசனம்’ என்பார்கள். ‘விசனம்’ என்னும் சொல்லே பேச்சு வழக்கில் இவ்வாறு ஆயிற்று. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த சிலரிடம் இந்த வெசனம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. ‘பிழைத்தாயிற்று, இன்னும் என்ன வெசனம்?’ என்று சுற்றத்தார் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு மருத்துவ அறிவியல் கூறும் விடையைக் காண்போம்.

ஒரு சொல், இரு நிலைகள்

வெசனம் என்னும் ஒரு சொல்லுக்குள் மருத்துவர்கள் இரு நிலைகளைக் காண்கிறார்கள். ஒன்று மனச்சோர்வு. எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, ‘குடும்பத்துக்கு நான் பாரம்’ என்னும் எண்ணம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் சிகிச்சை தேவைப்படலாம். மற்றொன்று மனப்பதற்றம். ‘நோய் திரும்பி வந்தால் என்ன செய்வது?’ என்ற அச்சம், படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை இதில் அடங்கும்.

இவ்விரண்டில் எது நீடிக்கிறது? பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2013-இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளிவந்தது. நோய் கண்டறியப்பட்டு இரண்டாண்டுகளேனும் கடந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. நோயே வராதவர்களில் இது 10. வேறுபாடு சிறிதே. ஆனால் மனப்பதற்றமோ முன்னவரில் 18 பேருக்கும், பின்னவரில் 14 பேருக்கும் இருந்தது. சோர்வு காலப்போக்கில் தணிந்தாலும் அச்சம் எளிதில் அகலுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

அச்சம் ஏன் தங்குகிறது?

சிகிச்சை நடக்கும்போது மருத்துவரும் செவிலியரும் அருகில் இருக்கிறார்கள். ‘நோயை எதிர்த்து ஏதோ செய்கிறோம்’ என்ற தெம்பும் இருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் இரண்டும் குறைந்துவிடுகின்றன. சாதாரண முதுகுவலியும் பழைய நோயை நினைவூட்டுகிறது. பொள்ளாச்சியிலோ கோபியிலோ இருப்பவர், கோவையில் மறுபரிசோதனைக்கான தேதி நெருங்க நெருங்க உறக்கம் இழக்கக்கூடும். பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் தட்டிப்போகுமோ என அஞ்சி, நோயை ஒரம்பரைக்குக்கூடத் தெரிவிக்காத குடும்பங்களில் மனம்விட்டுப் பேசவும் ஆள் இல்லை.

உடலும் காரணமாகலாம்

எல்லாச் சோர்வும் மனத்தில் தொடங்குவதில்லை. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற சிலருக்குத் தைராய்டு சுரப்பியின் வேலை பின்னாளில் குறைகிறது. அப்போது வரும் மந்தமும் களைப்பும் மனச்சோர்வைப் போலவே தோன்றும். ஓர் இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும், மாத்திரையால் சரிசெய்யலாம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் என்னும் மருந்தைக் கல்லீரலிலுள்ள நொதி ஒன்று முழு ஆற்றலுள்ளதாக மாற்றுகிறது. மனச்சோர்வுக்கான பராக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற சில மருந்துகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. ஆகவே, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்.

உதவி எங்கே?

புற்றுநோயாளரின் மனநிலையைக் கவனிப்பது இன்று தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. 1977-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டாக்டர் ஜிம்மி ஹாலண்ட் இதற்கு வழிகாட்டினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இத்துறை உள்ளது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மனவருத்தத்தை அளக்க எளிய அளவுகோலும் உண்டு. வருத்தமே இல்லையென்றால் 0. தாங்கவே முடியாதென்றால் 10. கடந்த ஒரு வாரத்தை எண்ணிப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அது 4 அல்லது அதற்கு மேலானால் மருத்துவரிடம் பேசுவது நல்லது. ஆலோசனை, மருந்து, அளவான நடைப்பயிற்சி ஆகியவை பலருக்குப் பலன் தருகின்றன.

இந்த எண்ணை வீட்டிலுள்ளவரிடமும் கேளுங்கள். மேற்கூறிய ஆய்வுத் தொகுப்பில், குணமடைந்தவர்களில் 28 விழுக்காட்டினருக்குப் பதற்றம் இருந்தபோது, அவர்தம் கணவன் அல்லது மனைவியரில் 40 விழுக்காட்டினருக்கு அது இருந்தது! அடுத்த மறுபரிசோதனையின்போது துணைக்கு வருபவரின் உறக்கத்தைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.