காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளையைப் பாருங்கள்

2009 ஆம் ஆண்டு ஜூன் மாதம். நாங்கள் அப்போது கண்டி மஹியாவையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். 2007 இல் வவுனியாவிலிருந்து மகனோடு வந்தவள் நான். அவனுக்கு ஐந்து வயது. நான் ஒரு தையற்கடையில் நாட்கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பிள்ளையை எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று ஒரு தாய் எடுக்கும் முடிவில் கையிலிருக்கும் காசும், பாஷை தெரியாத கூச்சமும், இரவில் தெருவில் இறங்குகிற பயமும் கலந்தே இருக்கும். யுத்தத்தில் அடிபட்டு வந்த எங்களுக்கு இது இன்னும் கூட.

திங்கட்கிழமை பின்னேரம் மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பனடோல் பாணி கொடுத்தேன். கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும். செவ்வாயும் அப்படியே. முகம் சிவந்து, கண்ணுக்குப் பின்னால் நோகுது அம்மா என்று அழுதான். புதன்கிழமை வேலையை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். காய்ச்சல் உடனே இறங்கும் என்று சொல்லி ஒரு போத்தல் மருந்து தந்தார்கள். இரத்தம் சோதிக்கச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

வியாழன் இரவு பிள்ளைக்கு நன்றாக வியர்த்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு குளிர்ந்திருந்தது. முருகா என்று கும்பிட்டுவிட்டு, மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் கண்ணை மூடினேன்.

வெள்ளி காலை அவன் எழும்பினான். காய்ச்சல் இல்லை. ஆனால் விளையாடப் போகவில்லை. சோறு வேண்டாம் என்றான். பத்து மணிபோல வயிறு வலிக்குது என்றான். வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்தேன். சத்தி எடுத்தான். மறுபடியும் எடுத்தான். காலும் கையும் சில்லென்று இருந்தன. கண்டிக் குளிர்தானே என்று போர்வையால் மூடிவிட்டேன். கூப்பிட்டால் பேசினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் விட்ட பிள்ளைக்குக் களைப்பு இருக்கும்தானே!

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். நான் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்து வாசகிகள் சிரிக்க வேண்டாம், முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அதற்கு முந்திய மாதம் அவருடைய பேரப்பிள்ளை டெங்குவோடு வார்டில் கிடந்தது. அவர்தான் கூட இருந்து பார்த்தவர். மகனை எட்டிப் பார்க்க வந்தவர் நெற்றியைத் தொடவில்லை. நேரே பாதத்தைத் தொட்டார்.

“மகள், புள்ள கடைசியா மூத்திரம் போனது எப்ப?”

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். காலையில் எழும்பியபோது போனான். இப்போது மணி இரண்டு.

“குடிக்கிறானா?”

“குடிக்கிறதெல்லாம் சத்தி எடுக்கிறான் தாத்தா. ஆனா காய்ச்சல் விட்டிட்டுது.”

“காய்ச்சல் வுட்டா சொகம் இல்ல மகள். டெங்கு எண்டா இப்பதான் பயப்படோணும். எழும்புங்க.”

உண்மையைச் சொன்னால், அப்போதும் நான் தயங்கினேன். யுத்தம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இருட்டிவிட்டால் திரும்பி வரும் வழியில் மறித்து அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள், சிங்களத்தில் நான் என்ன சொல்வது? நாளைக் காலை பார்ப்போமே என்று வாய்வரை வந்தது. தாத்தா என்னிடம் மேற்கொண்டு பேசவில்லை. வெளியே போய் ஓட்டோவை நிறுத்திவிட்டு, பிள்ளையைத் தானே தூக்கினார். கெட்டம்பே தாண்டிப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே டொக்டர் மகனுடைய விரலை அழுத்திப் பிடித்து விட்டுவிட்டு, வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். இரண்டு செக்கனுக்குள் திரும்பவேண்டுமாம். இவனுக்குத் திரும்பவில்லை. நாடியைப் பிடித்தார், பிரஷர் பார்த்தார். அதற்குப் பிறகு எல்லோரும் ஓட்டமாக வேலை செய்தார்கள். இன்னும் ஓர் இரவு வீட்டில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

வார்டில் தமிழ் தெரிந்த ஒரு மருத்துவ மாணவி இருந்தா. உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளைதான் எனக்கு விளங்கப்படுத்தினா. டெங்குக் காய்ச்சல் வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்கு, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும் நேரத்தில், இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கும். குழாய்க்குள் மிஞ்சுகிற இரத்தம் தடித்துப்போகும். மூளைக்கும் இருதயத்துக்கும் இரத்தம் போகவேண்டும் என்று உடம்பு கைகாலுக்குப் போவதைக் குறைக்கும். அதனால்தான் பாதம் குளிர்கிறது, மூத்திரம் குறைகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை இருக்கும், பிறகு தானே நிற்கும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பிள்ளை தப்பிவிடும்.

அவ சொன்னவற்றுள் என்னை உலுக்கியது ஒன்று. இப்படி இரத்த அழுத்தம் விழப்போகிற பிள்ளை கடைசி நேரம் வரை புத்தி தெளிவாகவே இருக்குமாம். பெயர் கேட்டால் சொல்லும், அம்மா எங்கே என்று கேட்டால் காட்டும். கூப்பிட்டால் பேசுகிறான்தானே என்று நான் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த நம்பிக்கைதான் என்னை ஏமாற்றியது.

இரண்டு நாள் இரவு பகலாக மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் அவன் குடித்ததை அளந்தார்கள், மூத்திரத்தை அளந்தார்கள், திரும்பத் திரும்ப விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். சேலைன் ஏற்றுவதுகூடக் கணக்குப் பார்த்துத்தான். குறைந்தால் பிரஷர் விழும். கூடினால், கசிவு நின்ற பிறகு அந்தத் தண்ணீர் திரும்பி வந்து மூச்சை முட்டவைக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு சேலைன் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்கிற தாய்மார் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

டிஸ்பென்சரியில் தந்த போத்தலையும் நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். அது இபுபுரூபன். டெங்குவாக இருக்கலாம் என்கிற காய்ச்சலுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மெபனமிக் அமிலம், டைக்ளோபினாக், அஸ்பிரின் எல்லாம் அதே இனம். காய்ச்சலை வேகமாக இறக்கும், ஆனால் வயிற்றில் இரத்தம் கசிவதைக் கூட்டிவிடும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் போதும். பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. அப்படியும் காய்ச்சல் முற்றாக இறங்காவிட்டால் இளஞ்சூட்டுத் தண்ணியில் துணி நனைத்துத் துடைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்றுவோம் என்று போகாதீர்கள்.

அந்த வருஷம் இலங்கையில் 35 ஆயிரம் பேருக்கு டெங்கு என்று பதிவானது. 346 பேர் இறந்தார்கள். கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைநாடு, குளிர், இங்கே நுளம்பு வராது என்று பேசிக்கொண்டிருந்த ஊர் இது! 2017 இல் நாடு முழுவதும் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் போனது. டெங்குக் கிருமியில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்து சுகமான பிள்ளைக்கு இன்னொரு வகை வரலாம், இரண்டாம் தடவை கடுமையாகவும் இருக்கலாம். ஒருதரம் வந்துவிட்டது, இனி வராது என்று நாங்கள் இருக்க முடியாது.

சரி, அப்படியென்றால் எந்தக் காய்ச்சலுக்கு ஓடுவது? காய்ச்சல் வந்த எல்லாப் பிள்ளையையும் அன்றிரவே தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலும், மருந்து கொடுத்து இறங்கின நேரத்தில் பிள்ளை குடித்து, மூத்திரம் போய், கொஞ்சமாவது விளையாடினால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மட்டும் நாள் கணக்குப் பார்க்காமல் காட்டிவிடுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த நேரமே ஆஸ்பத்திரிதான். மற்றப் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் டொக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். அவர் சொல்லாவிட்டால் நாங்கள் கேட்கவேண்டும். குருதிச் சிறுதட்டுகள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் வார்டில் சேர்க்கவேண்டும்.

இரத்தத் துண்டில் என்ன எழுதியிருந்தாலும், எத்தனையாம் நாளாக இருந்தாலும், விடியும் வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகள் இருக்கின்றன. விடாத வயிற்று வலி. குடிப்பதையெல்லாம் சத்தி எடுப்பது, அல்லது குடிக்கவே மறுப்பது. ஆறு மணித்தியாலமாக மூத்திரம் போகாதது. உடம்பு குளிர்ந்து கைகாலும் சில்லிட்டுப்போவது. முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாய் மலம். ஓயாத சிணுங்கல், அல்லது எழுப்ப எழுப்ப நித்திரை. டெங்கு இல்லாவிட்டாலும், மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிற பிள்ளையும், வலிப்பு வந்த பிள்ளையும், கழுத்தை மடக்க முடியாத பிள்ளையும் இதே அவசரம்தான். இதில் ஒன்று இருந்தாலே போதும். இரண்டாவது வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம்.

குடிக்கக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் தண்ணியாகவே கொடுக்காமல் ஜீவனி, தெம்பிலி, கஞ்சித் தண்ணி, பால், சூப் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நெக்டோ, மைலோ, பீற்றூட், வத்தகப்பழம் வேண்டாம். பிள்ளை சத்தி எடுத்தால் அது குடித்த நிறமா இரத்தமா என்று டொக்டருக்கே தெரியாமல் போகும். பப்பாசி இலைச் சாறு பற்றி என்னிடம் கேட்காத ஆள் இல்லை. சாறு பிழிந்து கொடுத்துவிட்டு, அது வேலை செய்யட்டும் என்று காத்திருக்கிற மணித்தியாலங்களுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

பாஷைக்கு வருவோம். இந்தச் சில வசனங்களை நான் தாத்தாவிடம் கேட்டு எழுதிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தேன். “பபாட்ட உண, தவஸ் துனய்” என்றால் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல். “பட ரிதெனவா” வயிறு வலிக்கிறது. “வமனெ யனவா” சத்தி போகிறது. “சூ கரன்னெ நே” மூத்திரம் போகவில்லை. “அத் பய சீதலய்” கைகால் குளிர்ந்திருக்கிறது. “லே யனவா” இரத்தம் போகிறது. சரியாக உச்சரிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, விளங்கிக்கொள்வார்கள். அன்று ஓட்டோவுக்கு அலைந்ததுபோல இன்று அலையவும் தேவையில்லை. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது நாடு முழுவதும் இருக்கிறது. காசு கேட்பதில்லை.

2017 இல் எங்கள் வீட்டு மேல்மாடிக்கு, தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுடைய எட்டு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல். தாய் என்னிடம் ஓடி வந்தாள். ஒரு பழைய கொப்பியைக் கொடுத்து, பிள்ளை குடிக்கிற நேரம், குடித்த அளவு, மூத்திரம் போகிற நேரம், மருந்து கொடுத்த நேரம் எல்லாம் எழுதச் சொன்னேன். அவளுக்கு எழுத வராது. மூத்த மகன் எழுதினான். மூன்றாம் நாள் இரத்தம் பார்த்தபோது சிறுதட்டு 1 லட்சத்து 40 ஆயிரம். டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு, நன்றாகக் குடிக்கிறாள், வீட்டுக்குக் கொண்டுபோய் நாளைக்குத் திரும்ப வாருங்கள் என்றார். மறுநாள் 92 ஆயிரம். பிள்ளை நடந்துதான் வந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தது. ஆனாலும் அப்போதே வார்டில் சேர்த்தார்கள். அன்றிரவே காய்ச்சல் விட்டது. விட்ட நேரத்தையும் அந்தப் பையன் கொப்பியில் எழுதியிருந்தான்: இரவு 9.20. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து, கை கால் எல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே முதல் சோறு கேட்டாள்.