எஃகைச் சீவும் சட்லெஜ் – உலோகத்துக்கு ஒரு கவசம்: 9

மழைக்காலத்தில் சட்லெஜ் ஆறு சாம்பல் நிறத்தில் ஓடும். திபெத்திலிருந்து ஷிப்கி லா அருகே இமாச்சலப் பிரதேசத்துக்குள் நுழையும் அந்த நீரில், பனியாறுகள் அரைத்த மணலும் வண்டலும் மண்டிக் கிடக்கும். நாத்பாவில் அதை அணை கட்டித் திருப்பி, மலைக்குள் 27 கி.மீ. சுரங்கம் வழியே ஜாக்ரியில் உள்ள நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே தலா 250 மெகாவாட் திறனுள்ள ஆறு டர்பைன்கள் காத்திருக்கின்றன.

வண்டல் வரும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாததல்ல. அதற்காகவே மலையைக் குடைந்து நான்கு படிவு அறைகள் அமைத்தார்கள். ஒவ்வொன்றும் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். 0.2 மி.மீ.க்கு மேற்பட்ட மணலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். தப்பி வரும் பொடியில்தான் வில்லங்கம். அதில் குவார்ட்ஸ் நிறைய; மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. நானூறு மீட்டருக்கு மேல் இறங்கி வரும் நீர் அதைச் சுமந்துகொண்டு மோதும்போது, துருப்பிடிக்காத எஃகும் தேய்கிறது. டர்பைனின் சுழலும் சக்கரமான ரன்னரின் அலகுகள் ஓரத்தில் சவர பிளேடாக மெலிகின்றன. வண்டல் எல்லை மீறினால் நிலையத்தையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

வேகம் செய்த சேதத்துக்கு மருந்தும் வேகம்தான்.

சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் உல்ரிச் ஷூப், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலோகத்தை உருக்கி, காற்றால் ஊதித் தெளித்ததை முன்பே பார்த்தோம். துத்தநாகத்துக்கு அது போதும். மணலின் தேய்ப்பைத் தாங்கும் டங்ஸ்டன் கார்பைடுக்குப் போதாது. வெப்பம் கூடினால் அது கார்பனை இழந்து நொறுங்கும் தன்மை அடைந்துவிடும்.

1980-களில் ஜேம்ஸ் பிரவுனிங் அறிமுகப்படுத்திய எச்.வி.ஓ.எஃப். (அதிவேக ஆக்ஸிஜன்-எரிபொருள் தெளிப்பு) முறை இதற்கு வழி திறந்தது. ஆக்ஸிஜனோடு மண்ணெண்ணெயோ புரொப்பேனோ ஓர் அறைக்குள் அழுத்தத்தில் எரியும். வெளியேறும் வாயு ஒலியை மிஞ்சும் வேகத்தில் சீறும். அதில் கலந்துவிட்ட தூள் நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் பறக்கும். தூளில் பிணைப்பாக உள்ள கோபால்ட்-குரோமியம் இளகும், அதற்குள் பொதிந்த கார்பைடு மணிகள் கெட்டியாகவே இருக்கும். மோதிய துகள் தட்டையாகி, முன்கூட்டியே மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய எஃகின் மேடுபள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். அடுத்தடுத்து விழுந்து சேரும் பூச்சு சுமார் 0.3 மி.மீ. கனம்தான், நுண்துளைகள் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தூளைத் தெளிக்கும் துப்பாக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் அடியிலுள்ள எஃகு வெகுவாகச் சூடேறாது; கோணிப்போகவும் செய்யாது. காதைப் பிளக்கும் இரைச்சல் என்பதால் மூடிய அறைக்குள் ரோபோவே துப்பாக்கியைப் பிடிக்கிறது.

இமயமலை நீர்மின் நிலையங்களில் வழிகாட்டி அலகுகளுக்கும் ரன்னர்களுக்கும் இந்தப் பூச்சு இன்று வழக்கமாகிவிட்டது. தேய்மானம் நின்றுவிடவில்லை, பழுதுபார்ப்புகளுக்கு இடையிலான காலம் நீண்டிருக்கிறது.

சிக்கலும் உண்டு. துகள் ஏறக்குறைய நேராக மோத வேண்டும். துப்பாக்கிக்கும் பரப்புக்கும் நடுவே ஓரடி போல இடைவெளியும் தேவை. ரன்னர் அலகுகளுக்கு இடையே வளைந்து செல்லும் குறுகலான பாதையில் அதற்கு இடமில்லை. ஆகவே எட்டாத பகுதிகளில் பூச்சின் தரம் குறைகிறது. ஆறு முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

வெப்பத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், தீயே இல்லாமல் பூச முடியுமா? அன்றைய சோவியத் நகரமான நோவோசிபிர்ஸ்க்கில், காற்றுச் சுரங்கச் சோதனை ஒன்றில் அனடோலி பாபிரின் குழுவினர் கண்டது அடுத்த வாரம்.